ஸ்கூல் திறக்கிற நேரத்துல காசு வீணாகுற இடங்கள்

மே கடைசி வாரம் வந்துட்டா ஸ்டேஷனரி கடை, ஷூ கடை, டெய்லர் கடைன்னு எங்க போனாலும் கூட்டம்தான். அந்த நெரிசல்ல பிள்ளைய கையில பிடிச்சுகிட்டு நின்னா எதையும் நிதானமா பாத்து வாங்க முடியாது, கடைக்காரர் எடுத்துப் போடுறத வாங்கிட்டு வந்துடுவோம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ஒண்ணு ஏழாவது, ஒண்ணு மூணாவது. வருஷா வருஷம் காசு எங்க போகுதுன்னு பாத்து பாத்து தெரிஞ்சுகிட்டத சொல்றேன்.

முதல் தப்பு, வீட்ல என்ன இருக்குன்னு பாக்காமலே கெளம்புறது. பழைய பைய அப்படியே கட்டில் மேல கவுத்துப் பாருங்க. எங்க வீட்ல கொட்டினப்ப பாதி தேஞ்ச பென்சில் 14, ஸ்கேல் 3, அப்பறம் 11 நோட்டு, அதுல ஒண்ணு கூட முழுசா எழுதி முடியல, சமூக அறிவியல் நோட்டு 40 பக்கத்தோட நின்னுடுச்சு. நடு பின்ன எடுத்துட்டு எழுதாத தாள ஜோடி ஜோடியா உருவணும், கிழிச்சா வீணாயிடும். ரூல்டு தனி, அன்ரூல்டு தனின்னு அடுக்கி பைண்டிங் போடுற அண்ணன்கிட்ட குடுத்தேன், 5 தடி நோட்டு கெடச்சுது. ரஃப் நோட்டு இந்த வருஷம் வாங்கவே இல்ல.

அடுத்தது, ஸ்கூல் லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே நோட்ட டஜன் கணக்குல வாங்கி வைக்கிறது. டீச்சர் லாங் சைஸ் கேப்பாங்க, நாம சின்ன சைஸ் வாங்கி வச்சிருப்போம். பென்சில், ரப்பர், பிரவுன் ஷீட், சாக்ஸ் மாதிரி எப்படியும் வேணுங்கிறத மே முதல் வாரமே முடிச்சிடுங்க, மத்தது லிஸ்ட் கைக்கு வந்தப்பறம். அப்பவும் அட்டைய மட்டும் பாத்து எடுக்காதீங்க, பின்னாடி பக்க எண்ணிக்கை போட்டிருக்கும், ஒரே தடிமன்ல தெரியுற ரெண்டு நோட்டுல ஒண்ணு 172 பக்கம், இன்னொண்ணு 192 பக்கமா இருக்கும். 2025 செப்டம்பர் 22ல இருந்து நோட்டு, பென்சில், ஷார்ப்னர், ரப்பர், க்ரேயானுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, ஜாமெட்ரி பாக்ஸுக்கு 5 சதவீதம்தான். எம்ஆர்பியே வரியும் சேந்த விலைதான், அதுக்கு மேல வரின்னு பில்லுல ஏத்தியிருந்தா கண்டிப்பா கேளுங்க.

யூனிஃபார்ம்லதான் பெரிய காசு. வளர்ற பிள்ளைதானேன்னு ரெண்டு சைஸ் பெருசா எடுத்துடுறோம், அது தொளதொளன்னு இருக்கு, பிள்ளைக்கு போடவே பிடிக்கல, சரியான அளவு வர்றப்ப துணி வெளுத்துப்போகுது. துணி எடுத்து தைக்கிறதா இருந்தா டெய்லர்கிட்ட கீழ மடிப்புல 3 இன்ச், இடுப்புல ரெண்டு பக்கமும் ஒரு இன்ச் விட்டு தைங்கன்னு சொல்லிடுங்க, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டா போதும். காட்டன் கலந்த துணின்னா நனைச்சு காயப்போட்டு அப்பறம் தைக்கக் குடுக்கணும், இல்லன்னா முதல் தொவையலயே சுருங்கிடும், என் மூத்தவளுக்கு அப்படி ரெண்டு செட் வீணாச்சு. அதே மாதிரி ஆரம்பத்துலயே 4 செட் வேணாம், ரெண்டு போதும், தேவைப்பட்டா ஆகஸ்ட்ல கூட்டமில்லாதப்ப எடுத்துக்கலாம்.

ஷூவும் அப்படித்தான், ரொம்ப பெருசா எடுத்தா குதிகால் உரசி புண்ணாகும். சாயங்காலமா, சாக்ஸ் போட்டு, கட்டைவிரலுக்கு முன்னாடி அரை இன்ச் இடம் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

பழைய புக்ஸ் சீனியர் பிள்ளைங்ககிட்ட வாங்குறது நல்ல விஷயம்தான், ஆனா எந்த வருஷத்து பதிப்புன்னு பாக்காம வாங்கக்கூடாது. சிபிஎஸ்இ ஸ்கூல்ல நடத்துற என்சிஇஆர்டி புக்ஸ்ல 3, 6ம் வகுப்பு ரெண்டுக்கும் 2024லயும், 4, 5, 7, 8க்கு 2025லயும் புது புக்ஸ் வந்துடுச்சு, அதுக்கு முந்தினது உதவாது. அப்பறம் என்சிஇஆர்டி புக்ஸும் நம்ம ஸ்டேட் போர்டு புக்ஸும் பிடிஎஃப்பா இலவசமாவே கெடைக்குது, புக் கைக்கு வர லேட்டாச்சுன்னு அவசரப்பட்டு கைடு வாங்கிடாதீங்க. அரசுப் பள்ளியில சேக்குறவங்க புக், நோட்டு, பை இதெல்லாம் அங்கயே தருவாங்கங்கிறத மறந்துட்டு முன்னாடியே வெளிய வாங்கி அடுக்கவேணாம்.

கடைசியா பை. ஜிப் போச்சுன்னா பையே போச்சுன்னு நெனச்சு புதுசுக்கு 900 ரூபா குடுக்குறோம், பெரும்பாலும் போறது ஜிப்ப இழுக்குற ரன்னர் மட்டும்தான். எங்க தெரு முனையில செருப்பு தைக்கிற தாத்தா ரெண்டு ரன்னர் மாத்தி, பிஞ்சு தொங்கின தோள்பட்டைய மூணு ஓட்டு தச்சு 60 ரூபாதான் வாங்குனாரு. தொவைச்சு மாடியில காயுது, சின்னவன் இப்பவே அதுல பேர் எழுதணும்னு மார்க்கரோட சுத்திகிட்டு இருக்கான்.