ஃபோர்வீல் அப்சோபர் போயிடுச்சா இல்லையான்னு பார்க்கிறது எப்படி

மலேசியாவுல சிலாங்கூர், எங்க பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், அதான் இப்ப போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு போட்டிருக்கே, செம்பனை தோட்டத்துக்குள்ள ஹைலக்ஸ், டிரைட்டன் மாதிரி ஃபோர்வீல் பிக்கப் ஓட்டுறவங்க முக்காவாசி பேர் அப்சோபர், அதான் சக்கரத்துக்கிட்ட ஆட்டத்த அடக்குற குழாய், அத பார்க்கிறது ஒரே மாதிரிதான். பின் பம்பர அமுக்கி விடுவாங்க, ஒரு தடவ ஏறி நின்னுடுச்சா, நல்லாருக்குன்னு போயிடுவாங்க. சின்ன காருக்கு அது ஓரளவு சரி. பின்னாடி லீஃப் ஸ்பிரிங், அதான் இரும்புப் பட்டைய அடுக்கி வச்ச ஸ்பிரிங், இருக்கிற வண்டிக்கு தயவுசெஞ்சு அத நம்பாதீங்க, ஏன்னா அந்த பட்டைங்க ஒன்னோட ஒன்னு உரசியே ஆட்டத்த நிறுத்திடும், அப்சோபர் செத்து கிடந்தாலும் வண்டி ஒழுங்கா நிக்கும்.

என் வண்டியும் அப்படித்தான் நின்னுச்சு. அப்புறம் ஒருநாள் உர மூட்டை ஏத்திட்டு வரேன், செம்மண் ரோடு அலை அலையா கிடக்குமே அந்த மாதிரி ஒரு வளைவு, பின் டயர் தரையில பிடிக்காம துள்ளித் துள்ளி வண்டி அப்படியே நழுவி வாய்க்கா ஓரத்துல போய் நின்னுச்சு. உள்ள பிள்ளைங்க இருந்தாங்க. அதுக்கப்புறம்தான் ஒழுங்கா பார்க்கக் கத்துக்கிட்டேன்.

எனக்கு ரொம்ப உதவுறது சூடு பார்க்கிறதுதான். வெயிட்ட தாங்குறது ஸ்பிரிங், ஆட்டத்த அடக்குறது அப்சோபர், உள்ள பிஸ்டன் எண்ணெய சின்னச் சின்ன துவாரம் வழியா தள்ளும்போது அந்த ஆட்டம் சூடா மாறிடுது. அதனால ஒரு 20 நிமிஷம் மோசமான ரோட்டுல ஓட்டிட்டு உடனே இறங்கி இடது வலது ரெண்டையும் பாருங்க. முதல்ல புறங்கைய கிட்ட கொண்டுபோய் பார்த்துட்டு அப்புறம் தொடுங்க, சுட்டுடும், எக்ஸாஸ்ட் குழாயும் பக்கத்துல இருக்கும். ஒன்னு சூடா இருந்து அதோட ஜோடி மட்டும் சில்லுன்னு இருந்தா அந்த சில்லுன்னு இருக்கிறது வேலை செய்யல. ரெண்டுமே சில்லுன்னு இருந்தா ரெண்டும் போச்சு.

அடுத்து எண்ணெய். சேத்தோட பார்த்தா ஒன்னும் தெரியாது, நல்லா கழுவிட்டு ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டுப் பாருங்க. ராடு உள்ள போற இடத்துல எண்ணெய அடைச்சு வைக்கிற சீல் கிட்ட மட்டும் லேசா ஈரம், மேல தூசி படிஞ்சிருக்குன்னா பயப்பட வேணாம். ஆனா உடம்பு முழுக்க வழிஞ்சு செம்மண் ஒட்டி கருப்பா அப்பியிருந்தா மாத்துற நேரம் வந்தாச்சு. பளபளன்னு இருக்கிற ராடுல கீறலோ துரு குழியோ இருந்தா அது சீல அறுத்துடும், இன்னைக்கு ஒழுகலன்னாலும் சீக்கிரம் ஒழுகும்.

டயர உள்ளங்கையால சுத்தி தடவிப் பாருங்க, அங்கங்க கிண்ணம் மாதிரி பள்ளம் விழுந்திருந்தா டயர் துள்ளுதுன்னு அர்த்தம், ஆனா வீல் பேலன்ஸ் சரியில்லன்னாலும் இது வரும், அதையும் பார்த்துடுங்க. டொக் டொக்னு சத்தம் வந்தா உடனே அப்சோபர்னு முடிவு பண்ணாதீங்க, பல நேரம் அப்சோபர் முனைய வண்டியோட மாட்டுற இடத்துல இருக்கிற ரப்பர் புஷ்தான் தேஞ்சிருக்கும், அது ரொம்ப மலிவு.

இன்னும் சந்தேகமா இருந்தா கழட்டித்தான் பார்க்கணும். சக்கரத்துக்கு கட்டை வச்சு, ஸ்டாண்டு போட்டு, அப்புறம்தான் வண்டிக்கு அடியில போகணும், ஜேக்க மட்டும் நம்பி போகாதீங்க. பின்பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டின்னா ஆக்ஸில தாங்கிப் பிடிக்காம கழட்டக்கூடாது, கீழ இறங்கி பிரேக் ஹோஸ இழுத்துடும். ஹைலக்ஸ் முன்பக்கம் ஸ்பிரிங்கும் அப்சோபரும் ஒன்னா இருக்கும், அதோட நடு நட்ட வீட்டுல தொடவே தொடாதீங்க, ஸ்பிரிங் தெறிச்சா ஆளையே அடிச்சுடும், அத ஒர்க்ஷாப் போமேன் (மெக்கானிக்) கிட்ட கொடுங்க.

கழட்டினத நேரா நிமித்தி பிடிச்சு அஞ்சாறு தடவ முழுசா அமுக்கி இழுங்க, படுக்க வச்சிருந்தா உள்ள காத்து கலந்திருக்கும், அது போகட்டும். அப்புறம் மெதுவா பாருங்க. ஒரே சீரா கெட்டியா வரணும், பெரும்பாலும் அமுக்குறத விட இழுக்கிறது கஷ்டமா இருக்கும். நடுவுல எங்கயாவது வெறுமனே வழுக்கிட்டு போனா, இல்ல திசை மாறும்போது லொடக்னு ஆடினா முடிஞ்சது. கேஸ் அப்சோபர்னா அமுக்கி விட்டா தானா மேல வரணும், வரலன்னா கேஸ் போயிடுச்சு. ஹாஃப்கட் கடையில, அதான் பழைய வண்டி சாமான் விக்கிற கடையில, பழசு வாங்குறவங்களும் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதையே செஞ்சு பாருங்க.

மாத்தும்போது ஜோடியா மாத்துங்க, புஷ் போல்ட்ட வண்டி நாலு சக்கரத்துல நின்ன பிறகு கடைசியா இறுக்குங்க, தூக்கி வச்ச நிலையில இறுக்கினா ரப்பர் முறுக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சுடும்.