பவர் வால்வின் எண் எதைச் சொல்கிறது?

ஹோலி நிறுவனத்தின் கார்புரேட்டரை முதன்முதலாகப் பிரிப்பவர்கள் அதிகம் குழம்புவது, எஞ்சினுக்குச் சுமை ஏறும்போது கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிடும் பவர் வால்வில்தான். "வண்டி இழுக்கவில்லையா? பெரிய எண் வால்வைப் போடு, பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நம்பாதீர்கள். எண் பெரிதானால் வால்வு முன்னதாகத் திறக்கும், அவ்வளவுதான். எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதை முடிவு செய்வது வால்வுக்குப் பின்னால் மீட்டரிங் பிளாக்கில் (பெட்ரோலை அளந்து விடும் கட்டையில்) இருக்கும் இரண்டு சிறு துளைகள்.

வால்வைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மெல்லிய டயாஃப்ரம் (சவ்வு), நடுவில் ஒரு தண்டு, அதைத் தள்ளும் ஸ்பிரிங். உடலில் 65 என்று பொறித்திருந்தால் 6.5 அங்குலப் பாதரசம் என்று பொருள்; வேக்குவத்தை, அதாவது உறிஞ்சு விசையை, அளக்கும் அலகு அது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது) மேனிஃபோல்டு எனும் உள்ளிழுப்புக் குழாயின் வேக்குவம் டயாஃப்ரத்தை இழுத்து வால்வை மூடியே வைத்திருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வேக்குவம் சரியும். அது 6.5-க்குக் கீழே போனதும் ஸ்பிரிங்கின் கை ஓங்கி, வால்வு திறந்துகொள்ளும்.

முதல் வேலை, அளப்பது

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். த்ராட்டில் தகட்டுக்குக் (ஆக்சிலரேட்டரால் திறக்கும் தகட்டுக்குக்) கீழே திறக்கும் வேக்குவம் குழாயில் வேக்குவம் கேஜை மாட்டி, ஐடிலில் அளவைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டிரைவில் போட்டுத்தான் அளக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒருவரைப் பிரேக்கில் கால் வைத்து உட்காரச் சொல்லுங்கள்; வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

12 அங்குலமோ அதற்கு மேலோ காட்டினால் வழக்கமான 65 போதும். குறைந்தால் பாதியாக்குங்கள்: 9 அங்குலத்துக்கு 4.5, அதாவது 45. 8 அங்குலத்துக்குப் பாதி 4. அந்த எண்ணில் வால்வு இல்லாததால் ஒரு படி இறங்கி 35. ஐடிலில் குலுங்க வைக்கும் பந்தய வகைக் கேம்ஷாஃப்ட் போட்ட வி8 எஞ்சின்களில் இந்தக் கணக்கைத் தவிர்க்கவே முடியாது. அங்கே ஐடில் வேக்குவமே 6 அங்குலம்தான் என்றால் 65 எண் வால்வு எப்போதும் திறந்தே கிடக்கும். ஸ்பார்க் பிளக் கரியாகும், புகையில் கண் எரியும்.

பிறகு கேஜை உள்ளே தெரியும்படி வைத்துச் சமதளச் சாலையில் சீராக ஓட்டிப் பாருங்கள். முள்ளைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். சீரான ஓட்டத்தில் முள் வால்வின் எண்ணை நெருங்கினாலும் சிறிய எண்ணுக்கு மாற வேண்டும்.

மாற்றுவது

எஞ்சின் ஆறட்டும். ஃப்ளோட் பவுலின் (பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின்) நான்கு திருகுகளைக் கழற்றும்போது பெட்ரோல் சிந்தும். கீழே துணி வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. மீட்டரிங் பிளாக்கை எடுத்தால் அதன் பின்புறம் வால்வு தெரியும். 1 அங்குல ஸ்பானரால் கழற்றிப் புதியதை அதற்கு உரிய கேஸ்கெட்டோடு பொருத்துங்கள். கேஸ்கெட்டில் இரண்டு வகை உண்டு. மாற்றிப் போட்டால் பக்கவாட்டில் கசியும், புது வால்வின் மேல் பழி விழும். அளவாக இறுக்கினால் போதும்.

டயாஃப்ரம் கிழிந்ததா?

பேக்ஃபயர் ஆனால் (எரிப்பு பின்னோக்கி வெடித்தால்) டயாஃப்ரம் கிழியலாம். அப்போது பெட்ரோல் நேராக மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சப்படும். 1992 முதல் வரும் ஹோலி கார்புரேட்டர்களில் டயாஃப்ரம் இப்படிக் கிழிவதைத் தடுக்க ஒரு செக் பால் (வெடிப்பின் அழுத்தத்தை மறிக்கும் சிறு குண்டு) இருக்கிறது. பழையவற்றில் அதைத் தனியாகப் பொருத்தலாம். சோதிக்க, எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே ஐடில் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் திருகுகளை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே மென்மையாக முழுதும் உள்ளே திருகுங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் வால்வு நலம். நிற்காமல் ஓடினால் சந்தேகப்படலாம். ஆனால் ஐடில் வேகத்தை வைக்கும் திருகில் த்ராட்டிலை அதிகம் திறந்து வைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

வால்வையே எடுத்துவிட்டு அந்தத் துளையை அடைப்பான் வைத்து மூடுபவர்கள் மெயின் ஜெட்டை (முக்கியப் பெட்ரோல் துளையை) 6 முதல் 10 எண் வரை கூட்ட வேண்டியிருக்கும். சாலையில் ஓடும் வண்டிக்கு நான் அதைச் செய்யவே மாட்டேன். சும்மா போகும்போதும் பெட்ரோல் வீணாகக் கொட்டும்.

மாற்றிய பின் ஓட்டும்போது, ஆக்சிலரேட்டரைத் தொட்ட கணமே எஞ்சின் திணறினால் வால்வைத் தொடாதீர்கள்; அழுத்தும் கணத்தில் பெட்ரோலைப் பீச்சும் ஆக்சிலரேட்டர் பம்பைப் பாருங்கள். மேட்டில் சீராக அழுத்திக்கொண்டே ஏறும்போது, சிறிது நேரம் கழித்து வண்டி தளர்ந்தால்தான் வால்வு தாமதமாகத் திறக்கிறது என்று கொண்டு, ஒரு எண் மேலே போடுங்கள்.