கிரீஸில் முதலில் கல், பிறகு சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் தன் கிரீஸ் பயணத் திட்டத்தை அனுப்பி, "அண்ணா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தான். அவனும் கல்லூரித் தோழனும் நவம்பரில் போகிறார்கள். ஒன்பது நாளைக்கும் கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி, கல்யாணப் பத்திரிகைபோல் செய்திருந்தான். ஐந்தாம் நாளுக்கு வந்ததும் எனக்குப் பகீரென்றது. "மதியம் 1 மணி: நாஃப்லியோவில் சாப்பாடு. மாலை 4 மணி: மைசீனி." மைசீனி என்பது நாஃப்லியோ ஊருக்குப் பக்கத்திலுள்ள பழங்காலக் கோட்டை இடிபாடு. 2018 நவம்பரில் நானும் என் நண்பனும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தது அச்சு அசலாக இதே இரண்டு வரிகள்தான்.

மூன்று முறை போய்வந்தவன் என்பதால் யாராவது கிரீஸுக்குக் கிளம்பினால் திட்டம் என்னிடம் வந்துவிடுகிறது. கூடவே என் பழைய முட்டாள்தனங்களும் வரிசை மாறாமல் வந்துவிடுகின்றன. பாஸ்போர்ட் நகல், பிக்பாக்கெட், வெயில் தொப்பி பற்றியெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

சாப்பாட்டை முன்னாலும் இடிபாட்டைப் பின்னாலும் வைப்பது

எங்கள் இருவரில் நான் கல் கிறுக்கு. இரண்டு தூண் நின்றால் போதும், அரை நாள் சுற்றி வருவேன். நண்பனுக்கு வயிறுதான் வழிகாட்டி. இப்படிப்பட்ட ஜோடிதான் கிரீஸுக்குப் பொருத்தம் என்று நினைத்துத்தான் கிளம்பினோம்.

நாஃப்லியோ, தெற்குக் கிரீஸில் பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் கடலோர ஊர். 1834-இல் ஏதென்ஸுக்கு மாறும்வரை நவீன கிரீஸின் தலைநகராக இருந்தது. அங்கிருந்து மைசீனிக்கு 25 கிலோமீட்டர் இருக்கும். காலையில் ஊருக்கு மேலே நிற்கும் பலமிதி கோட்டைக்குப் படியேறினோம். 999 படி என்கிறார்கள். பாதியிலேயே நண்பன் எண்ணுவதை விட்டுவிட்டு, பசிக்கிறது என்றான். ஒரு மணிக்குச் சந்துக்குள் ஒரு தவெர்னாவில், அதாவது சின்ன உணவகத்தில், உட்கார்ந்துவிட்டோம்.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். தக்காளியோடு அடுப்பில் மெல்ல வெந்த 'கிகாந்தெஸ்' என்னும் பெரிய வெள்ளை பீன்ஸ். எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்ட காட்டுக் கீரை. எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்த ஆட்டுக்கறி. மைசீனிக்குப் பக்கத்து நெமேயாவில் விளையும் திராட்சையின் சிவப்பு வைன். தவெர்னாக்களில் வைனைக் கிலோக் கணக்கில் கேட்பார்கள், நாங்கள் அரைக் கிலோ கேட்டோம்.

இரண்டேகாலுக்கு நான் கிளம்பலாம் என்றேன். நவம்பரில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும் என்ற கவலை. அவன் கீரைத் தட்டில் மிஞ்சிய எண்ணெயை ரொட்டியால் வழித்தபடி, "மூவாயிரம் வருடமாக நிற்கிற கல். இன்னும் அரைமணி நேரம் நிற்காதா?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. இன்னொரு தட்டு வந்தது.

பிறகு பில்லுக்காகக் காத்திருந்தோம். நம் ஊரில் கை கழுவிவிட்டு வருவதற்குள் பில் மேசையில் இருக்கும். அங்கே கேட்காமல் பில்லை நீட்டுவது, வந்தவரை எழுந்து போகச் சொல்வதுபோல. அதனால் யாரும் நீட்டவில்லை. பதிலாக ரவை அல்வா வந்தது, கடைக்காரரின் உபயம். நெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய் விட்டுக் கிளறி, மேலே பட்டைத்தூள் தூவிய கேசரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்றோம். மறுபடி காத்திருந்தோம். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். பக்கத்து மேசைப் பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, காற்றில் எழுதுவதுபோல் விரலை அசைத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

டாக்சி பிடித்து மைசீனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 3:50. வாயிலில் பூட்டு. கிளம்பத் தயாராக இருந்த காவலர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, "மூன்றரை" என்றார். கொஞ்சம் தள்ளி இருக்கும் அட்ரியஸ் கருவூலத்துக்கு ஓடினோம். அங்கும் பூட்டு. மறுநாள் காலையில் ஊர் திரும்ப விமானம். டாக்சி போகவர 60 யூரோ. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. காவலர்மேல் அல்ல. நாங்கள் குறித்து வைத்திருந்தது யாரோ ஜூலையில் போனவர் எழுதிய நேரம். இரவு 8 வரை என்று இருந்ததை இரண்டு பேரும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினோம்.

நடப்பு இதுதான். மைசீனி போன்ற பெரிய தொல்லிடங்கள் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை காலை 8 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் சூரியனைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு அரைமணி நேரமாக மூடும் நேரம் முன்னே வரும். நவம்பர் 1 வந்ததும் ஒரே வெட்டு: மார்ச் முடியும்வரை பல இடங்கள் பிற்பகல் 3:30-க்கே மூடிவிடும். மூடும் நேரம் வேறு, கடைசியாக உள்ளே விடும் நேரம் வேறு. அது இன்னும் முன்னதாகவே முடிந்துவிடும். ஜனவரி 1, மார்ச் 25, மே 1, அவர்களுடைய ஈஸ்டர் ஞாயிறு, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் திறக்கவே மாட்டார்கள். அவர்கள் ஈஸ்டர் பெரும்பாலும் நம் ஊர் தேவாலயக் காலண்டரில் இருக்கும் தேதியில் வராது. எல்லாம் கிரீஸ் கலாச்சார அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. போகிற வாரத்தில் அதைப் பாருங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள்.

எதைத் தவறவிட்டோம் என்பது அடுத்த முறை, ஒரு மே மாதக் காலை 8 மணிக்குத் தனியாகப் போய் நின்றபோதுதான் தெரிந்தது. கோட்டையின் நுழைவாயிலான சிங்க வாயில் ஏறத்தாழ கி.மு. 1250-இல் எழுந்தது. வாயிலுக்கு மேலே உத்தரமாகக் கிடப்பது ஒரே கல். அதன் தலையில் பாரம் இறங்காமலிருக்க முக்கோணமாக இடம் விட்டு, அந்த இடைவெளியை அடைக்கத்தான் இரண்டு விலங்குகளைச் செதுக்கிய பலகைக் கல்லை வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் தலை இல்லை. தனியாகச் செய்து பொருத்திய தலைகள் எப்போதோ போய்விட்டன. பொருத்திய துளைகள் மட்டும் இருக்கின்றன. மதில் கற்களின் பருமனைப் பார்த்துப் பிற்காலத்துக் கிரேக்கர்களே இதை மனிதர் கட்டியிருக்க முடியாது, ஒற்றைக்கண் ராட்சதர்கள் கட்டியது என்றார்களாம். கருவூலம் என்று பெயர் இருந்தாலும் அட்ரியஸின் இடம் ஒரு கல்லறை. தேன்கூடுபோல் வளையம் வளையமாகக் கல் அடுக்கி மேலே குவித்தது, 13 மீட்டர் உயரம். நடுவில் நின்று செருமினேன். செருமல் சுற்றி வந்து என் காதுக்கே திரும்பியது. வேறு ஆள் இல்லை. பத்தரைக்குப் பஸ்கள் வந்து கொட்டின.

ஆகவே காலை எட்டு, எட்டரைக்குக் கல். சாப்பாடு இரண்டரைக்கு மேல். அங்குள்ளவர்கள் மதியம் சாப்பிடுவதே அந்த நேரத்தில்தான். ஒரு மணிக்கு மேசை பிடிப்பவர்கள் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள். இரவுச் சாப்பாடும் ஒன்பதுக்கு மேல்தான் களைகட்டும். பொழுது முழுக்கச் சாப்பாட்டுக்கு இருக்கிறது, கல்லுக்கு இல்லை.

அக்ரோபோலிஸை நினைத்த நேரத்தில் ஏறலாம் என்று நினைப்பது

முடியாது. ஏதென்ஸ் நடுவே குன்றின் மேல் இருக்கும் பழைய கோயில் வளாகம் அது. இப்போது டிக்கெட்டிலேயே நேரம் குறித்திருக்கும்; ஒரு நாளைக்கு 20,000 பேர்தான். 2025 ஏப்ரலிலிருந்து 30 யூரோ. காலை எட்டு மணிச் சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள். கோடை மதியத்துக்கு வாங்கினால் இன்னொரு ஆபத்து: 2023, 2024 கோடைகளில் வெப்ப அலை அடித்த நாட்களில் நண்பகலிலிருந்து மாலைவரை குன்றையே மூடிவிட்டார்கள்.

மேலே எரெக்தியான் கோயிலைத் தாங்கும் பெண் சிலைகள் முன்னால் கண்கலங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை நகல்கள். அசலில் ஐந்து, குன்றின் அடியில் 2009-இல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஆறாவது லண்டனில். கண்ணீரைக் கீழே இறங்கும்வரை சேமித்து வையுங்கள்.

வழவழப்பான செருப்பு

பளிங்கு. கோடிக்கணக்கான கால்கள் தேய்த்தது. விழுவீர்கள்.

மீனைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவது

மெனுவில் பெரிய மீன்களுக்குப் போட்டிருக்கும் விலை தட்டுக்கு அல்ல, கிலோவுக்கு. எனக்குத் தெரிந்த தம்பதி ஐஸ்பெட்டியில் பளபளத்த மீனைக் காட்டிவிட்டு மேசைக்கு வந்துவிட்டார்கள். பில்லைப் பார்த்தபின் இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. கண்ணெதிரில் எடை போட்டு, தொகையைக் கேட்டு, பிறகு தலையாட்டுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்களே அப்படித்தான் வாங்குகிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி இருந்தால் அநேகமாக உறைபதனப் பெட்டியிலிருந்து வந்தது. என்னைக் கேட்டால், பொரித்த நெத்திலியையும் மத்தியையும் வாங்குங்கள். தட்டுக்கு இவ்வளவு என்று விலை, முள்ளோடு மென்றுவிடலாம்.

ஆளுக்கொரு தட்டு கேட்பது

ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும். நடுவில் வைத்துப் பகிர்ந்து தின்கிற சாப்பாடு அது. இரண்டு தட்டில் ஆரம்பித்து, பசி இருந்தால் மேலே கேளுங்கள்.

சைவம் என்றால் சாலட்தான் என்று பட்டினி கிடப்பது

பையில் ரெடிமேட் உப்புமா பாக்கெட் அடுக்கிக்கொண்டு போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆலிவ் எண்ணெயில் காய்கறியை வேகவைக்கும் 'லதெரா' என்று ஒரு பெரிய வகையே இருக்கிறது: பீன்ஸ், கத்திரிக்காய், வெண்டைக்காய்கூட. சோறு அடைத்துச் சுட்ட தக்காளியும் குடைமிளகாயும் உண்டு. 'ஃபாவா' என்று கேட்டால் மசித்த மஞ்சள் பருப்பு வெங்காயத்தோடு வரும். எங்கள் வீட்டுப் பருப்புக் கடையலுக்குத் தம்பி முறை.

ஒரு எச்சரிக்கை. விரத உணவைக் குறிக்கும் 'நிஸ்தீசிமா' என்ற சொல்லை யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் கறி, முட்டை, பால் இருக்காது என்பது உண்மை. ஆனால் அவர்கள் விரதத்தில் ரத்தமில்லாத உயிர்களுக்குத் தடை கிடையாது. இறாலும் கணவாயும் ஆக்டோபஸும் விரதச் சாப்பாடுதான். நண்பனுக்கு அதில் ஏகச் சந்தோஷம். சைவர்களுக்கு இருக்காது.

'நே' என்றால் இல்லை என்று நினைப்பது

'நே' என்றால் ஆம். 'ஓஹி' என்றால் இல்லை. ரயில் நிலையத்தில் "இந்த வண்டியா?" என்று கேட்டு, "நே" என்ற பதிலைக் கேட்டு, வண்டியை விட்டோம். ஆனால் தலையை மேலே வெட்டி 'ப்ச்' என்றால் நம் ஊர் 'ப்ச்' தான், இல்லையென்றே பொருள்.

ஐந்து விரலைக் காட்டுவது

குச்சியில் குத்திச் சுட்ட கறி விற்கும் சுவ்லாக்கி கடையில் ஐந்து குச்சி வேண்டுமென்று உள்ளங்கையை விரித்துக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் முகம் மாறியது. அங்கே அது 'மூத்ஸா', மோசமான வசை. கையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுங்கள், அல்லது 'பெந்தே' என்று வாயால் சொல்லுங்கள்.

கிரேக்கக் காபியை அடிவரை குடிப்பது

வண்டல். நிறுத்துங்கள்.

நண்பனோடு ஒட்டிக்கொண்டே திரிவது

மைசீனியைத் தோண்டியபோது ஜெர்மானியத் தொல்லியலாளர் ஷ்லீமன் 1876-இல் எடுத்த தங்க முகமூடி மைசீனியில் இல்லை, ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ட்ராய் போரில் கிரேக்கப் படையை நடத்தியதாகக் கதை சொல்லும் மைசீனி மன்னன் அகமெம்னானின் முகமூடி என்று பெயர். ட்ராய் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு முந்நூறு ஆண்டு மூத்தது. அதன் கண்கள் மூடியிருக்கின்றனவா திறந்திருக்கின்றனவா என்று நான் முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பன் பின்னால் நின்று மூச்சு விட்டான். அந்த மூச்சு இருக்கிறதே, அதற்குப் பிறகு எந்தச் சிலையையும் பார்க்க முடியாது. மறுநாளிலிருந்து பிரிந்துவிட்டோம். நான் மண்பாண்டங்களோடு நாலு மணி நேரம்; அவன் அதீனாஸ் தெருவிலுள்ள மத்தியச் சந்தையில். அங்கே குடல் சூப் குடித்துவிட்டு, கட்டாகக் காய்ந்த ஓரிகானோவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்னைவிட மலர்ந்த முகத்தோடு வந்தான். இரவுச் சாப்பாட்டில் பேச எங்கள் இருவருக்கும் விஷயம் இருந்தது.

கணக்கை ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

அன்றன்று இரவே முடித்துவிடுங்கள். மைசீனி டாக்சியில் தன் பங்கான 30 யூரோவை அவன் இன்னும் தரவில்லை. கேட்டால், "அந்த அல்வா இலவசம்தானே, கழித்துக்கொள்" என்கிறான்.