பச்சிளங்குழந்தையின் செவித்திறன் சோதனை: பொம்மையில் பழகிவிட்டு வார்டுக்குச் செல்வது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிரசவ வார்டுக்குள் முதன்முதலாக நுழையும் ஆடியாலஜி (செவித்திறனியல்) மாணவருக்குக் கருவியை இயக்குவது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. தமிழும் மலையாளமும் கலந்து கேள்வி கேட்கும் ஒரு பாட்டிக்குப் பதில் சொல்வதுதான் கடினம். இவ்விரண்டையும் ஒரு குழந்தையைக்கூடத் தொந்தரவு செய்யாமல் பழகிக்கொள்ள உதவுவதே சிமுலேஷன் எனப்படும் பாவனைப் பயிற்சி. அதை முதல்முறை நடத்தவிருக்கும் ஆசிரியர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதலில், எதற்காகச் சோதிக்கிறோம் என்பதை மாணவர் அறிந்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான கண்டறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்ற 1-3-6 கணக்கே இத்துறையின் அடிப்படை. 1978இல் டேவிட் கெம்ப் கண்டறிந்த, உட்செவியே எழுப்பும் நுண்ணொலியை அளப்பது ஓ.ஏ.இ.; ஏறத்தாழ 35 டெசிபல் அளவிலான 'டிக்' ஒலிகளுக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்மறுமொழியைத் தானே கணித்துச் சொல்வது தானியங்கி ஏ.பி.ஆர். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

அடுத்தது கருவிகள். குழந்தையின் காதைப் போலவே மறுமொழி தரும் பாவனைப் பொம்மைகள் விற்பனையில் உள்ளன. அவை இல்லையென்று பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். சாதாரணத் துணிப்பொம்மைக்குள் மணல் பொதியை வைத்துத் தைத்து மூன்று கிலோ எடைக்குக் கொண்டுவந்து, மென்மையான சிலிக்கான் காதுமடலைப் பொருத்திவிட்டால், பிடிக்கவும் போர்த்தவும் பழகலாம். 'பாஸ்' என்ற முடிவு எப்படி வருகிறது என்று பார்க்க, நன்றாகக் கேட்கும் மாணவர் ஒருவரின் காதையே பயன்படுத்துங்கள். 'ரெஃபர்', அதாவது மேலும் சோதிக்க வேண்டும் என்ற முடிவு வேண்டுமானால், கருவியுடன் வரும் சிறிய பிளாஸ்டிக் சோதனைக் குழியில் புரோபை (காதுக்குள் வைக்கும் பகுதியை)ச் செருகுங்கள். அதற்குள் உட்செவி இல்லாததால் 'பாஸ்' வரக்கூடாது. வந்துவிட்டால் கோளாறு கருவியிலோ புரோபிலோ இருக்கிறது. இந்த இரட்டைச் சரிபார்ப்பை நாள்தோறும் காலையில் செய்ய மாணவரைப் பழக்கிவிட்டால், வார்டிலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

மூன்றாவது, கைப்பழக்கம். பெரியவர்களுக்குக் காதுமடலை மேலும் பின்னுமாக இழுப்போம். பச்சிளங்குழந்தைக்குக் கீழும் பின்னுமாக மெதுவாக இழுத்தால்தான் குருத்தெலும்பாலான அந்த மெல்லிய குழல் திறக்கும். புரோப் முனையின் அளவு சரியாக இருக்க வேண்டும். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது பிழை. மாணவர் பார்க்காதபோது முனையின் துளையில் சிறிது மெழுகை அடைத்துவைப்பது என் வழக்கம். பிறந்த குழந்தையின் தோலிலும் காதிலும் ஒட்டியிருக்கும் வெண்மாவு செய்யும் வேலையை அது செய்துவிடும். செல்பேசியில் பதிவு செய்த வார்டுச் சத்தத்தையும் ஓடவிடுங்கள். முடிவு வராதபோது, பத்துமுறை மறுபடி அழுத்தாமல், துளையையும் அறையின் சத்தத்தையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். திரும்பத் திரும்பச் சோதித்தால் தற்செயலாகவே ஒருமுறை 'பாஸ்' வந்துவிடக்கூடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள்களுக்கு மேல் இருந்த குழந்தை என்று ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, ஓ.ஏ.இ. முடிவை 'பாஸ்' என்று காட்டுவது இன்னொரு பொறி. உட்செவி நலமாயிருந்து நரம்பில் பழுது இருந்தால் ஓ.ஏ.இ. அதைக் காட்டாது. ஏ.பி.ஆர். சோதனையும் வேண்டும் என்று கேட்காமல் கையெழுத்துப் போடும் மாணவரை அங்கேயே நிறுத்துங்கள்.

நான்காவது கட்டத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இரு மாணவர்கள் தாயாகவும் பாட்டியாகவும் நடிக்க, ஒருவர் 'ரெஃபர்' முடிவைச் சொல்ல வேண்டும். பாட்டிக்கு நான் எழுதித் தரும் வசனங்கள்: "கிண்ணம் கீழ விழுந்தாத் திடுக்குன்னு முழிக்கிறானே, காது கேக்காமலா?" "இவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்." கிண்ணத்தின் ஓசை மிகப் பெரிது, மெல்லிய பேச்சு கேட்காத குழந்தையும் அதற்கு அதிரும் என்பதைப் பாட்டியைச் சிறுமைப்படுத்தாமல் விளக்க வேண்டும். "ஃபெயில்" என்று சொல்லித் தாயைக் கலங்கவைப்பது ஒரு தவறு. "ஒண்ணுமில்லம்மா, அழுக்காயிருக்கும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்புவதை அதைவிடப் பெரிய தவறாகக் கருதுகிறேன். அந்தத் தாய் திரும்பி வரமாட்டார். "இந்தச் சோதனையில காது கேக்குதா இல்லையான்னு முடிவு பண்ண முடியாதும்மா, இன்னொரு தடவை ரெண்டு காதையும் கட்டாயம் பாக்கணும்" என்பது போதுமானது.

எல்லையோர ஊர்களில் இன்னொரு கேள்வியும் சேரும். பாலக்காட்டில் பிரசவமான பெண் தாய்வீடான பொள்ளாச்சிக்கோ உடுமலைக்கோ போய்ச் சில மாதங்கள் தங்குவது வழக்கம். மறுசோதனைத் தேதி இந்தப் பக்கம் இருக்க, குழந்தை அந்தப் பக்கம் இருக்கும். எனவே அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்பீர்கள், அங்கே யாருடைய செல்பேசியில் அழைக்கலாம் என்று கேட்பதையும் காட்சியில் சேருங்கள். குழந்தைகளின் உடல்நலத்தைச் சோதிக்க 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டம் இரு மாநிலங்களிலும் நடப்பதால், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தரும் கடிதம் எல்லை தாண்டியும் பயன்படும்.

பத்து நிமிடக் காட்சிக்கு இருபது நிமிட உரையாடல் என்று வைத்துக்கொண்டு, முதலில் நடித்த தாயையே பேசவிடுங்கள். என்ன புரிந்தது, எப்போது எங்கே திரும்பி வரவேண்டும் என்பதை அவர் சொல்ல முடியாவிட்டால், மாணவர் அதே காட்சியை மீண்டும் செய்யட்டும். பிறகு வார்டுக்கு அழைத்துச் செல்லும் முதல் நாளில், ஒருவர் புரோபை மட்டும் கவனிக்க, மற்றவர் குடும்பத்தாரிடம் மட்டும் பேசட்டும். இரண்டையும் ஒருவரே செய்வதற்கு இரண்டாம் வாரம் வரை காத்திருக்கலாம்.