சுரங்கத்துக்கு நிலம் கேட்கும்போது ஊர் எழுதி வைக்க வேண்டிய கணக்கு

நெய்வேலியில் 1957இல் முதல் சுரங்கம் வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து சுற்றுவட்டார ஊர்கள் நிலம் கொடுத்து வருகின்றன. திறந்தவெளிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண் முழுவதையும் அகற்ற வேண்டியிருப்பதால், வயலோடு வீடும் கோயிலும் சுடுகாடும் போய்விடும். இப்படிப்பட்ட ஊர் பேச்சுவார்த்தைக்குச் செல்வதற்கு முன் தன் கணக்கைத் தானே எழுதி முடித்திருக்க வேண்டும். அதிகாரிகள் கொண்டுவரும் பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம் என்று காத்திருப்பது பெரும்பாலும் பயன் தராது.

எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கப்படுகிறது என்பதை முதலில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நில எடுப்புச் சட்டம் என்றால், 2013ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீடு கிடைக்காது. ஆனால் அந்த மத்தியச் சட்டத்தின் இழப்பீட்டு, மறுவாழ்வு அட்டவணைகள் பொருந்தும்.

அடுத்தது குடும்பக் கணக்கு. அதிக உழைப்பைக் கேட்பதும் இதுதான். பட்டாதாரரை எவரும் மறப்பதில்லை. வாய்மொழிக் குத்தகையில் உழுபவரும், விளைச்சலில் பங்கு தந்து வாரத்துக்குப் பயிரிடுபவரும், நடவுக்கும் அறுப்புக்கும் போகும் கூலியாட்களும், புறம்போக்கில் ஆடு மேய்ப்பவரும்தான் விடுபடுகிறார்கள். நில எடுப்புக்கு முன் மூன்றாண்டுகள் அந்நிலத்தை நம்பி வாழ்ந்த குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளரையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கொள்கிறது. கைம்பெண்ணையும், மணவிலக்குப் பெற்றவரையும், கைவிடப்பட்ட பெண்ணையும் தனிக் குடும்பமாகக் கருதுகிறது. இவற்றை மெய்ப்பிக்க அடங்கல் நகல், வேலை அட்டை, கூட்டுறவுக் கடன் ரசீது, நில உரிமையாளரின் கையெழுத்து என்று கிடைப்பதையெல்லாம் வீடு வீடாகத் திரட்டி, முழுப் பட்டியலையும் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். உரிமையாளர் கையெழுத்திடத் தயங்குவது இயல்பு. பக்கத்து வயல்காரர் இருவரின் சாட்சியத்தையாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நிலத்தில் நேரில் இறங்கிக் கைவசம் எடுக்கும் தேதியையும் விட்டுவிடாதீர்கள். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டும் உழவர் தொடர்ந்து பயிரிட்டு வந்த வளையமாதேவியில், 2023 ஜூலையில் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள், வளர்ந்து நின்ற நெற்பயிரின் மீதே இறங்கின. அறுவடைக்குப் பின்தான் நிலத்தில் இறங்க வேண்டும் என்பது ஒப்புதல் கடிதத்தில் இடம்பெற வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. மேடையில் ஆவேசமாகப் பேசியதைவிட எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்ற மனுவே பின்னாளில் உதவும். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும்; அதுவரை யாரும் எழுந்து போகாதீர்கள்.

உங்களுக்கு ஒதுக்கும் மறுகுடியேற்ற மனையை ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். குடிநீர், வடிகால், சுடுகாடு, நியாயவிலைக் கடை ஆகியவை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள உரிமைகளே, சலுகைகள் அல்ல. ஒரே தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அடுத்தடுத்த மனைகள் வேண்டும் என்பதை நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும்.

நிலச் சீரமைப்பு சுரங்கம் மூடிய பிறகு தொடங்கும் வேலையன்று. மேல்மண்ணைத் தனியே எடுத்து, உயரமாகக் குவிக்காமல், விரைவில் மீண்டும் பரப்பினால்தான் அதன் உயிர் தங்கும். அடிமண்ணோடு கலந்துவிட்டால் மரம் வளரலாம், நெல் விளைவது கடினம். சுரங்க மூடல் திட்டத்தின் நகலை 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெற்று, எந்தப் பகுதி எந்த ஆண்டில் சீரமைக்கப்படும், அதில் மேய்ச்சல் உரிமை யாருக்கு என்று ஆண்டுதோறும் கிராம சபையில் விளக்கம் கோருங்கள்.

நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள நீர் மேல்நோக்கி அழுத்துவதால் அதை இடைவிடாது இறைத்தாக வேண்டும். ஆகவே கிணற்று நீர் இறங்கினால் சான்று காட்ட, எஞ்சியிருக்கும் ஊர்கள், சுரங்கம் நெருங்குவதற்கு முன்பிருந்தே, ஐந்தாறு கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் தேர்ந்து, மாதம் ஒருமுறை ஒரே நாளில் நீர்மட்டத்தை அளந்து, இருவர் கையொப்பத்துடன் குறித்து வரவேண்டும்.