இலகு ரக டூயல் ஸ்போர்ட் பைக்: பலரும் செய்யும் தவறுகள்

1968இல் யமஹா டிடி-1 வந்தபோது அதன் கவர்ச்சி எளிமையானது. 250 சிசி எஞ்சின், நம்பர் பிளேட்டோடு சாலையில் போகலாம், தார் முடிந்த இடத்தில் அப்படியே மண்ணில் இறங்கலாம், கீழே போட்டால் ஒரே ஆளாகத் தூக்கி நிறுத்தலாம். இன்றைய ஹோண்டா சிஆர்எஃப்300எல் வரை கணக்கு அதேதான்: பெட்ரோலோடு சேர்த்து ஏறத்தாழ 142 கிலோ, டேங்கில் 7.8 லிட்டர், இருக்கை உயரம் 880 மி.மீ. சாலை, மண் இரண்டிலும் ஓடும் இந்த டூயல் ஸ்போர்ட் வண்டிகளின் ஒரே சொத்து எடைக் குறைவு. வாங்கிய சில மாதங்களுக்குள் அந்தச் சொத்தைத் தாங்களே செலவழித்துத் தீர்ப்பவர்கள்தான் அதிகம்.

அலுமினியப் பெட்டி இரண்டு, அவற்றைத் தாங்க இரும்புச் சட்டம், எஞ்சினைச் சுற்றி குழாய்க் கம்பி, கூடுதல் விளக்கு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். கூட்டிப் பார்த்தால் 20 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கும், அதுவும் பெரும்பகுதி பின் சக்கரத்துக்கு மேலே. இந்த வகை வண்டியின் பின்பக்கச் சட்டம் அவ்வளவு சுமையோடு குதிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வெல்டிங் விட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். கெட்டியான பெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. மணலில் கால் ஊன்றும்போது வண்டி முன்னே நகர, பெட்டி பின்னாலிருந்து கெண்டைக்காலில் வந்து மோதும். துணிப் பையே போதும். கைகளைக் காக்கும் ஹேண்ட்கார்டும் எஞ்சினின் அடியைக் காக்கும் தகடும் தவிர மற்றவற்றை ஆறு மாதம் ஓட்டிய பிறகு யோசிக்கலாம்; பாதிக்கு மேல் தேவைப்படாது.

இதற்கு நேர்மாறான தவறு, காட்டுத்தடப் போட்டிக்கென்று செய்த எண்டூரோ வண்டியை அலுவலகம் போய்வர வாங்குவது. அதன் எடையும் சக்தியும் மயக்கும். ஆனால் அதன் எண்ணெய் மாற்றம் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கும், கிலோமீட்டரில் அல்ல. சில மாடல்களில் அது 15 மணி நேரம்தான். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுபவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கும்.

இருக்கை உயரத்தைக் கண்டு பயந்து வாங்கிய முதல் வாரமே வண்டியைத் தாழ்த்துகிறார்கள். பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் துண்டுக்குப் பதிலாகத் தாழ்த்தும் லிங்க் மாட்டினால் பின்பக்கம் மட்டும் இறங்கும். முன் ஃபோர்க்கையும் சேர்த்து இறக்காவிட்டால் திருப்பத்தில் வண்டி சோம்பலாகும், தரை இடைவெளி குறையும், பழைய சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நின்று எந்தக் காற்றிலும் சாயத் தயாராக இருக்கும். அதற்கு முன்னால் செலவில்லாத ஒன்றைச் செய்து பார்க்கலாம். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே ஏதாவது ஒரு போல்ட் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அதே இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருக்க வேண்டும், 250 மி.மீ. அசையும் வண்டியில் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட மிகக் குறைவாக இறங்கினால் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைத்திருக்கும் இறுக்கத்தை (ப்ரீலோடு) தளர்த்தலாம், உயரமும் கொஞ்சம் குறையும். முழுதாக இறுக்கிய பிறகும் அளவுக்கு மேல் இறங்கினால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கானது அல்ல. சத்தம் போடும் சைலன்ஸருக்குப் போகும் பணம் அங்கே போகலாம். அந்தச் சைலன்ஸர், பக்கத்தில் குடியிருப்பவர்களின் புகாரை வரவழைத்து, எல்லோரும் போய்வந்த தடத்தை மூடவைப்பதைத் தவிர வேறொன்றும் பெரிதாகச் செய்வதில்லை.

அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது டயர் காற்று. சாலைக்குப் பல மாடல்களில் 20 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் சொல்வார்கள். அதே காற்றோடு சரளைக்கல்லில் இறங்கினால் டயர் கல்லைப் பற்றாமல் அதன் மேல் துள்ளும். 15 முதல் 18 வரை இறக்கினால் வண்டியே மாறியதுபோல இருக்கும். ஆனால் டியூப் உள்ள டயரில் ஆசைப்பட்டு இன்னும் கீழே போகக் கூடாது. கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரட்டை ஓட்டை விழும். வேகத்தைக் கூட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும். டியூபும் கூடவே நகர்ந்து வால்வை இழுக்கும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் அதுதான் முன்னறிவிப்பு. பலர் வால்வின் அடியிலுள்ள சிறு நட்டை ரிம்மோடு இறுக்கிவைப்பார்கள். அப்படிச் செய்தால் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, ஒருநாள் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். நட்டை மேலே தள்ளி மூடியோடு சேர்த்து இறுக்கிவிடுங்கள். குறைந்த காற்றில் ஓட்டியே தீர வேண்டுமென்றால் டயரை ரிம்மோடு பிடித்துவைக்கும் ரிம் லாக் வேண்டும்.

திரும்பித் தார்ச் சாலை ஏறும்போது காற்றை மறுபடி அடிக்காமல் வீட்டுக்கு விரட்டுவது இதன் இரண்டாம் பாதி. காற்றுக் குறைந்த டயர் சூடேறும், திருப்பத்தில் நெளியும். மண்ணுக்கான கட்டிகட்டியான பட்டன் டயராக இருந்தால் ஈரச் சாலையில், அதிலும் வெள்ளைக் கோட்டின் மேல், பிடிமானம் மிகக் குறைவு. கையடக்கப் பம்ப் ஒன்று பையில் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது என்பது என் கட்சி.

செயினை இறுக்கமாக வைப்பது கவனமான ஆட்களே செய்யும் தவறு. நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலே ஏறும்போது, முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்), ஸ்விங்ஆர்ம் சுழலும் புள்ளி, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில் செயின் மிக இறுக்கமாகிவிடும். ஸ்டாண்டில் நிற்கும்போது அழகாக இருக்கும் செயின், அங்கே எஞ்சினின் வெளித்தண்டு பேரிங்கைப் பிடித்து இழுக்கும். தொளதொளவென்று தெரிந்தாலும் கையேட்டில் உள்ள அளவையே நம்புங்கள். ஃபோம் ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவுவதும் வேண்டாம், ஒட்டுப் பசை விட்டுப்போகும். கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவாமல் மாட்டினால் மாட்டாததற்குச் சமம்: நுண்ணிய புழுதியைப் பிடிப்பது எண்ணெய்தான்.

ஓட்டும் முறையில், நின்று ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு ஹேண்டில்பாரில் தொங்குவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். எடை முழுவதும் கால்மிதியில் இருக்க வேண்டும், முழங்கால் டேங்கை அணைக்க வேண்டும், கை ஹேண்டிலை லேசாக மட்டும் பிடிக்க வேண்டும். அரை மணியில் முன்கை கல்லாக இறுகினால் பிடி அதிகம் என்று பொருள். க்ளட்ச், பிரேக் லீவர்களை நிற்கும் நிலைக்கேற்பச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பிவைக்க ஐந்து நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் மணிக்கட்டை மடித்து ஓட்டுகிறார்கள். லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பையும் அசையாதபடி முறுக்கிவிடாதீர்கள், விழும்போது சுழல முடியாத லீவர்தான் முறியும்.

இறக்கத்தில் பயந்து க்ளட்ச்சைப் பிடிப்பது பெரிய ஆபத்து, எஞ்சின் தரும் இழுவையை நாமே கழற்றிவிடுகிறோம். முதல் அல்லது இரண்டாம் கியர், உடல் பின்னால், முன் பிரேக் மெதுவாக. மண்ணில் முன் பிரேக்கே கூடாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சக்கரம் நேராக இருக்கும்வரை நிறுத்தும் பலம் அங்கேதான். பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஓட்டுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பல வண்டிகளில் சாவியை மூடித் திறந்தால் அது மறுபடி இயங்கத் தொடங்கிவிடும். தேநீருக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பியதும் வரும் முதல் செங்குத்து இறக்கத்தில், பின் பிரேக் மிதித்தும் வண்டி நிற்காமல் துடித்துக்கொண்டே போவது அதனால்தான்.

ஓடையில் விழுந்து எஞ்சின் நின்றுபோனால் ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். கரையேற்றி, ஏர் பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய பிறகு எஞ்சினைச் சுழலவிட்டு நீரை வெளியே தள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் கருவி வேண்டும், அதைப் பயன்படுத்திய பழக்கமும் வேண்டும். வண்டியோடு வந்த கருவிப் பையில் இரண்டு சக்கர அச்சுகளின் நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டு வாசலில், நிழலில், அவசரமில்லாத ஒருநாள் பின் டயரைக் கழற்றி டியூபை மாற்றிப் பாருங்கள். டயர் லீவர் புது டியூபைக் கிள்ளி ஓட்டையாக்குவது முதல் தடவை அநேகமாக நடக்கும், அது அங்கே நடப்பது நல்லது. பையில் இரண்டு டியூப் வைக்க இடமில்லையென்றால் 21 அங்குல முன் டியூப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அதை 18 அங்குலப் பின் டயரில் மடிப்பு விழாமல் திணித்து ஊர் வந்து சேரலாம். 18 அங்குல டியூபை 21 அங்குல ரிம்மில் இழுத்து மாட்டுவது அவ்வளவு நம்பத் தகுந்ததல்ல.