வீட்டுக்கல்வியில் தமிழுக்குக் காலை நேரம்

சிங்கப்பூரில் 2003 முதல் நடப்பிலுள்ள கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ், பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும் என்பதோடு, பிள்ளை பின்னர் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் எழுத வேண்டும். அதில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றுடன் தாய்மொழியும் ஒரு பாடம். வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம் என்று அதை மாலைக்குத் தள்ளினால், களைத்த பிள்ளைக்குப் பேச்சு வரும், வாசிப்பு வராது.

ஆகவே நாளின் முதல் பாடமாகத் தமிழை வையுங்கள். முந்தைய நாள் தேக்கா சந்தையில் கண்டதையோ பாட்டி சொன்னதையோ என் மகள் தன் சொற்களில் கூற, நான் அதை ஐந்தாறு வரிகளாகப் பெரிய எழுத்தில் எழுதித் தருவேன். தான் சொன்னதே என்பதால் அவள் தயங்காமல் வாசிப்பாள். பேச்சு வழக்கை உடனே திருத்த வேண்டாம். முதலில் அவள் சொன்னபடியே எழுதி, மறுநாள் அதே வரிகளை எழுத்து வழக்கில் அருகில் எழுதினால், வேறுபாட்டைப் பிள்ளையே கண்டுகொள்ளும். (பாட்டிக்கு இதில் உடன்பாடில்லை.) தாள்களில் தேதியிட்டுக் கோப்பில் சேர்த்தால், கற்றலின் வளர்ச்சியைக் காட்டும் பதிவாகவும் அவை பயன்படும். கதைப் புத்தகங்களுக்குக் குடியிருப்புப் பேட்டையிலுள்ள பொது நூலகத்தின் தமிழ்ப் பிரிவு போதும்.